யானையைக் கப்பலில் ஏற்றியது எப்படி?

ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அக்கா மகன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். முதலாம் இராசேந்திரன் கடாரம் வென்ற கதையை ஒரு மாலை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1025-ஆம் ஆண்டு, கடல் கடந்த கப்பற்படை, சிறைப்பட்ட அரசன், அவனோடு பிடிபட்ட யானைகள், குவியல் குவியலாகப் பொருள். சொல்லச் சொல்ல எனக்கே குரல் ஏறியது. அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மாமா, அந்த யானைங்களைக் கப்பல்ல எப்படி ஏத்தினாங்க?"

பலகை போட்டு ஏற்றியிருப்பார்கள் என்றேன். "பலகை முறியாதா? யானை ஒரு பக்கம் நின்னா கப்பல் சாயாதா? அதுக்குக் குடிக்கத் தண்ணி எங்க வெச்சாங்க?" எனக்குப் பதில் இல்லை. அவன் ஒரு பழைய நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தான். கப்பல் வந்தது, யானை வந்தது. பிறகு யானையின் காலில் கயிறு வந்தது. கயிற்றை எதில் கட்டுவது என்று யோசித்துக் கப்பலின் நடுவில் ஒரு மரத்தூண் வந்தது. கடைசியில் யானைக்குப் பக்கத்தில் வரிசையாகப் பானைகள். "இத்தனை பானை போதுமா?" என்று கேட்டுவிட்டு மேலும் நான்கு வரைந்தான்.

அன்றிரவு நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் உள்ள மெய்க்கீர்த்தி, அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவனது யானைகளோடு பிடித்ததைச் சொல்கிறது. கைப்பற்றிய பொருளையும் விச்சாதிர தோரணத்தையும் சொல்கிறது. வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. யானைகள் கப்பலேறினவா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. புகழ் பாட வந்தவருக்கு அது தேவைப்படவில்லை. அந்த வரிகளை எத்தனையோ முறை படித்த எனக்கும் தேவைப்பட்டதில்லை. படம் வரைய உட்கார்ந்த பத்து வயதுப் பையனுக்குத்தான் தேவைப்பட்டது.

உரைநடைக்கு ஒரு சலுகை உண்டு. "படை கரையிறங்கியது" என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். வரைபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எத்தனை பேர் இறங்கினார்கள், முழங்கால் தண்ணீரிலா இடுப்புத் தண்ணீரிலா, செருப்புப் போட்டிருந்தார்களா, வாளைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்களா என்பதெல்லாம் தெரியாமல் ஒரு கட்டத்தைக்கூட நிரப்ப முடியாது. குழந்தை கேட்பதும் இதைத்தான். போரின் காரணத்தையும் விளைவையும் அது முதலில் கேட்பதில்லை. என்ன சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள், ராத்திரியில் பயமாக இல்லையா என்று கேட்கிறது. வரலாற்றுக் கிராஃபிக் நாவல்களின் முன்னுரைகளில், ஒரு குழந்தையின் கேள்விதான் தூண்டுதலாக இருந்தது என்று சொல்லி நன்றி தெரிவிப்பதைப் பார்க்கிறோம். தூண்டுதல் என்ற சொல் அதற்குப் போதாது என்பது என் எண்ணம். குழந்தையின் கேள்வியும் தூரிகையின் தேவையும் ஒன்றாக இருப்பதால், இந்தக் கலைவடிவத்தின் ஆய்வுமுறையே அந்தக் கேள்விதான்.

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' இதற்கு நல்ல சான்று. போலந்து யூதரான தன் தந்தை விளாடெக் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிர் தப்பிய கதையை அவர் யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் வரைந்து சொன்னார். முதல் தொகுதி 1986-லும் இரண்டாவது 1991-லும் வந்தன. 1992-ல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. நூல் தொடங்குவது முகாமில் அல்ல, 1958-ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஒரு தெருவில். சக்கரக் காலணி கழன்று விழுந்த சிறுவன் ஆர்ட்டை நண்பர்கள் விட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். அழுதுகொண்டு வந்தவனிடம் தந்தை நண்பர்களைப் பற்றிச் சொல்லும் பதில், பட்டினியும் பூட்டிய அறையும் பற்றியது. சிறுவனுக்கு அது புரிவதில்லை. அந்தப் புரியாமையைப் புரிந்துகொள்ளத்தான் அடுத்த முந்நூறு பக்கங்களும் என்று எனக்குத் தோன்றும். 1972-ல் ஒலிப்பதிவுக் கருவியோடு தந்தைக்கு எதிரே அவர் உட்காரும்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. கேள்விகள் மட்டும் பத்து வயதுப் பையனுடையவை.

இரண்டாம் தொகுதியில் ஒரு காட்சி என்னை விடாமல் பிடித்திருக்கிறது. விளாடெக் ஆஷ்விட்ஸில் தகரப் பட்டறையில் வேலை செய்தார். அதை வரைய வேண்டும். அங்கே என்னென்ன கருவிகள் இருந்தன? அந்தப் பட்டறையைப் பற்றி ஆவணம் எதுவும் அகப்படாமல் ஸ்பீகல்மன் திணறுகிறார். தன் மனநல மருத்துவரும் அதே முகாமிலிருந்து மீண்டவருமான பாவெலிடம் கேட்கிறார். பாவெல் இளவயதில் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு பட்டறையில் வேலை செய்தவர். பெரிய காகிதம் வெட்டும் கத்தி போன்ற தகடு வெட்டிகளும், மின்சாரத் துளைப்பொறி ஒன்றிரண்டும் இருந்திருக்கலாம் என்கிறார். துக்கத்தையும் குற்ற உணர்வையும் பேச வந்த இடத்தில், துளைப்பொறியைப் பற்றிய இந்தப் பேச்சு அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தந்தை நின்ற இடம் எது என்று தெரியாமல் தந்தையை வரைய முடியாது என்ற மகனின் தவிப்பு அந்தத் துளைப்பொறியில் இருக்கிறது.

அதே தொகுதியில் இன்னொரு பக்கம். கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகையில் முகாமின் வாயிலில் இசைக்குழு வாசித்ததற்கு ஏராளமான சான்றுகள் உண்டு. மகன் அதைக் கேட்கிறார். இசைக்குழு எதுவும் தனக்கு நினைவில்லை, காவலர்களின் கத்தல் மட்டும்தான் நினைவிருக்கிறது என்கிறார் தந்தை. ஸ்பீகல்மன் இசைக்குழுவை வரைகிறார். அடுத்துவரும் கட்டத்தில் நடந்துபோகும் கைதிகளின் கூட்டம் இசைக்குழுவை மறைத்துவிடுகிறது. தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மட்டும் தெரிகிறது. ஆவணமும் நினைவும் மோதும்போது வரலாற்றாசிரியர் அடிக்குறிப்பு எழுதுவார். இங்கே அந்த மோதலே படமாகிவிட்டது. தந்தை சொன்னதையும் மகன் படித்ததையும் ஒரே கட்டத்தில் நிற்கவைக்க இந்த வடிவத்தால் முடிகிறது. முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய காலத்தில் வளர்ந்த வாசகர்களுக்கு, கட்டத்துக்குக் கட்டம் கண் எப்படித் தாவும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தாவலில்தான் இங்கே பொருள் இருக்கிறது.

கேள்வி யாருடையது என்பதும் முக்கியம். இந்தியாவில் வரலாற்றுப் படக்கதை என்றதும் நினைவுக்கு வருவது 'அமர் சித்ர கதா'. அதன் பிறப்பைப் பற்றி அனந்த் பை பலமுறை சொன்ன செய்தி ஒன்று உண்டு. 1967-ல் டெல்லியில் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றைப் பார்த்தார். கிரேக்கத் தெய்வங்களைப் பற்றிப் பதில் சொன்ன பிள்ளைகளுக்கு இராமனின் தாய் பெயர் தெரியவில்லை. அந்த ஆதங்கத்தில் பிறந்தது அந்த வரிசை. பல தலைமுறைப் பிள்ளைகளின் கையில் படித்துக் கிழிந்த புத்தகங்கள் அவை. அவற்றுக்கு நான் கடன்பட்டவன். ஆனாலும் அங்கே கேள்வி கேட்டவர் பெரியவர், தெரியாமல் நின்றது குழந்தை. முன்கூட்டியே முடிவான பதிலைக் குழந்தையிடம் கொண்டுசேர்ப்பதுதான் படத்தின் வேலையாக இருந்தது. வீரனின் நிறம் ஒன்று, அசுரனின் நிறம் வேறு என்று வண்ணம் தீட்டப்பட்டதையும், யாருடைய வாழ்க்கை வரலாறாகக் கருதப்பட்டது என்பதையும் நந்தினி சந்திரா போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் எல்லாம் நடக்கிறது. "ஏன்?" என்று கேட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்கும் ஒரு சிறுவன் மட்டும் கிடையாது.

2011-ல் நவாயனா வெளியிட்ட 'பீமாயணம்' அந்தச் சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைய, ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ்.ஆனந்தும் எழுதினார்கள். 1901-ஆம் ஆண்டு, கோரேகானில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்கச் சிறுவன் பீமராவ் மற்றப் பிள்ளைகளோடு புத்தாடை உடுத்தி ரயிலில் கிளம்பியதை அம்பேத்கரே பின்னாளில் எழுதியிருக்கிறார். மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். சாதி தெரிந்ததும் நிலைய அதிகாரி முகம் திருப்பிக்கொண்டார். மாட்டுவண்டிக்காரர் இரட்டிப்புக் கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை வண்டியோட்டச் சொல்லிவிட்டுத் தான் நடந்து வந்தார். கையில் சோறு இருந்தது, குடிக்க நீர் தர யாரும் இல்லை. பசியோடு இரவைக் கழித்தார்கள்.

இந்தச் சம்பவத்தை அரசியல் சட்டத்தின் பதினேழாவது பிரிவிலிருந்து தொடங்கியும் சொல்லலாம். அப்படித்தான் நம் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சொல்கின்றன. 'பீமாயணம்' தாகத்திலிருந்து சொல்கிறது. எனக்கு ஏன் தண்ணீர் இல்லை என்ற கேள்வி பத்து வயதுப் பையனுக்கு வந்தபோது அது தத்துவம் அல்ல, வறண்ட தொண்டை. வியாம் தம்பதியர் தங்கள் பாத்திரங்களைப் பெட்டி போன்ற கட்டங்களுக்குள் அடைக்க மறுத்தார்கள். தரையில் கோலமிடுவதுபோல அவர்கள் மரபில் போடும் திக்னா வடிவங்கள் பக்கங்களைப் பிரிக்கின்றன. அன்பான சொல் பறவை வடிவக் குமிழில் வருகிறது. கொட்டும் சொல் தேள் வாலோடு வருகிறது. மனதுக்குள் நினைப்பதற்கு ஒரு கண் வரையப்பட்டிருக்கிறது. இந்தக் குறிகளைக் குழந்தைகள் விளக்கம் கேட்காமலே பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தேள் வால் வந்த இடத்தில் அக்கா மகன், "இவரு கெட்டவரா மாமா?" என்று கேட்டான். கெட்டவரா, அல்லது அவர் ஊரில் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்குமேல் அரை மணி நேரம் போயிற்று.

பெரியவர்கள் அஞ்சுவது இந்த அரை மணி நேரத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். ஜப்பானின் கெய்ஜி நகாசாவா 1973-ல் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடங்கிய 'வெறுங்கால் கென்' அதற்கு எடுத்துக்காட்டு. 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழும்போது நகாசாவாவுக்கு வயது ஆறு. பள்ளி வாசலில் வகுப்புத் தோழனின் தாய் ஒருவர் அவனை நிறுத்தி ஏதோ விசாரித்தார். அந்த நொடியில் அவன் நின்ற இடத்தில் இருந்த மதிற்சுவர் அவனைக் காத்தது. தந்தை, அக்கா, தம்பி மூவரும் இடிந்த வீட்டில் அகப்பட்டு இறந்தார்கள். 1966-ல் தாய் இறந்து எரியூட்டியபின், கதிர்வீச்சு அரித்ததாக நகாசாவா நம்பிய உடலில் பொறுக்கி எடுக்க எலும்புகூட மிஞ்சவில்லை. அதன்பிறகுதான் அணுகுண்டைப் பற்றி வரைவது என்று அவர் முடிவெடுத்தார்.

கென் என்ற பையனின் கண்ணால் சொல்லப்படும் கதை அது. போரை எதிர்க்கும் அப்பாவை ஊர் ஏன் துரோகி என்கிறது, பக்கத்து வீட்டுக் கொரியரை ஏன் எல்லாரும் ஏசுகிறார்கள், அரிசி எங்கே போயிற்று என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கருவுற்றிருக்கும் தாய்க்குச் சத்தான உணவு வேண்டும் என்று ஒரு வீட்டுக் குளத்தில் கெண்டை மீன் திருடுகிறான். 2023-ல் ஹிரோஷிமா மாநகரக் கல்வி நிர்வாகம் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்புக்கான அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இந்தக் கதைப் பகுதியை எடுத்துவிட்டது. கெண்டை திருடும் காட்சி பிள்ளைகளுக்குத் தவறாகப் புரியக்கூடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதற்கு முன்பே, 2012 இறுதியில், மாட்சுயே நகரப் பள்ளி நூலகங்களில் இந்த நூலைத் திறந்த அலமாரியிலிருந்து எடுத்துவைக்கச் சொன்னார்கள். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்ததும் 2013 ஆகஸ்டில் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. நகாசாவா 2012 டிசம்பரில் காலமாகிவிட்டார்.

அந்தக் கெண்டை மீனைத்தான் நான் வகுப்பில் வைத்திருப்பேன். நல்ல பையன் ஏன் திருடினான் என்று மூன்றாம் வகுப்புக் குழந்தை கேட்கும். அம்மாவுக்குப் பசி. ஏன் பசி? கடையில் அரிசி இல்லை. ஏன் இல்லை? இப்படி நாலாவது கேள்வியில் குழந்தை போர்ப் பொருளாதாரத்துக்கு வந்துவிடும். நாற்பது பக்க உரைநடையில் எட்டாத இடம் அது.

ஈழத்தின் இறுதிப்போரைப் பற்றி 2019-ல் வந்த 'வன்னி' என்ற கிராஃபிக் நாவலையும் இந்த வரிசையில் பார்க்க வேண்டும். ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்து, 2008 செப்டம்பரில் ஐ.நா. வெளியேறியபோது உடன் வெளியேற நேர்ந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொலக் வரைந்தார். தப்பிவந்தவர்களின் வாக்குமூலங்களை அடிப்படையாகக் கொண்டு ஒரு கற்பனைக் குடும்பத்தைப் படைத்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் அந்த நூலைப் புரட்டும்போது முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். பங்கர் சரியாக இருக்கிறதா, மேலே போட்ட பனங்குற்றி சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கடைசி மாதங்களில் சாக்கு கிடைக்காமல் சேலைகளைப் பைகளாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினார்கள். அந்தக் காலத்தை இனி வரையப்போகும் எவரும், மண்மூட்டையில் சரிகைக் கரையை வரைய வேண்டியிருக்கும். பிறகு அதைப் பார்க்கும் ஒரு பிள்ளை, மூட்டையில் ஏன் பூ இருக்கிறது என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லப்போகிறவர் அம்மாவாகவோ அம்மம்மாவாகவோ இருப்பார்.

பதில் சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கலையின் பெரிய நெருக்கடி. ஸ்பீகல்மனின் தாய் ஆன்யாவும் முகாமிலிருந்து மீண்டவர். போருக்குப் பின் தன் அனுபவங்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். மகன் வளர்ந்ததும் ஆர்வத்தோடு படிப்பான் என்று நம்பினார். 1968-ல் அவர் தன்னை மாய்த்துக்கொண்டபின், துயரம் தாங்காமல் விளாடெக் அவற்றை எரித்துவிட்டார். 'மௌஸ்' முதல் தொகுதி அந்த உண்மை தெரியவரும் இடத்தில் முடிகிறது. ஆகவே நமக்குக் கிடைத்திருப்பது தந்தையின் ஆஷ்விட்ஸ் மட்டும். தாயினுடையதைக் கேட்க இனி வழியில்லை.

பிரெஞ்சு ஓவியர் ழாக் தார்தி இந்த நெருக்கடியை இரண்டு முறை சந்தித்தவர். ஒருமுறை தாத்தாவிடம், ஒருமுறை அப்பாவிடம்.

1946-ல் பிறந்த தார்தியின் தாத்தா முதல் உலகப்போரில் சண்டையிட்டவர். போரைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. சொன்னவர் பாட்டி. ஓர் இரவு பதுங்குகுழிக்கு வெளியே குண்டு வெடிக்கத் தாத்தா குப்புற விழுந்தார், அவர் கைகள் அழுகிக் கிடந்த ஒரு பிணத்தின் வயிற்றுக்குள் புதைந்தன என்று சின்னப் பேரனிடம் பாட்டி சொல்லிவிட்டார். அந்த இரவு பையனை விட்டுப் போகவே இல்லை. தாத்தாவிடம் அதைப் பற்றிக் கேட்கும் வயது வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். 1993-ல் வந்த 'அது பதுங்குகுழிகளின் போர்' என்ற நூல் அந்தக் கைகளிலிருந்து வந்தது. தளபதிகளோ வெற்றிகளோ அதில் இல்லை. சேறும் எலியும் பயமும் இருக்கின்றன. தான் வரலாற்றாசிரியன் அல்ல என்று தார்தி அதில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

அப்படிச் சொன்னாலும், தகவலில் அவர் காட்டிய கறார் பல வரலாற்றாசிரியர்களுக்கு வாய்க்காதது. ழான்-பியேர் வெர்னே என்ற வரலாற்று ஆர்வலர் அந்தப் போரின் சீருடைகள், ஆயுதங்கள், அன்றாடப் பொருள்களை வாழ்நாள் முழுக்கச் சேகரித்தவர். தார்தி அவர் துணையோடு வேலை செய்தார். பொத்தான் எந்த உலோகம், தண்ணீர்ப் புட்டியின் வார் எந்தத் தோளில் என்பதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்து வரைந்தார். இருவரும் சேர்ந்து 2008, 2009 ஆண்டுகளில் 'பாழாய்ப்போன போர்' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். அது ஆண்டுவாரியாக நகர்கிறது. 1914 ஆகஸ்டில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் பளீர் சிவப்புக் காற்சட்டையும் துணித் தொப்பியுமாகப் போர்முனைக்குப் போகிறார்கள். இரும்புத் தலைக்கவசமும் மங்கிய நீலச் சீருடையும் 1915-ல்தான் வந்தன. நூலின் தொடக்கப் பக்கங்கள் அந்தச் சிவப்பில் ஒளிர்கின்றன. போர் நீள நீள வண்ணம் வடிந்து, பக்கங்கள் சாம்பலாகிவிடுகின்றன.

சிவப்புக் காற்சட்டை போட்டால் தூரத்திலிருந்தே எதிரிக்குத் தெரியாதா என்று எந்தக் குழந்தையும் கேட்கும். பிரெஞ்சுப் படைத் தலைமை அதை ஏற்று உடையை மாற்றி முடிப்பதற்குள் பல லட்சம் இளைஞர்கள் மடிந்துவிட்டார்கள். முதல் சில மாதங்களின் சாவை எண்ணிக்கையாகப் படிப்பது ஒன்று. பச்சை வயலில் சிவப்புக் கால்களாகப் பார்ப்பது வேறு.

அப்பாவின் கதை இன்னும் சிக்கலானது. ரெனே தார்தி தொழில்முறைப் படைவீரர். 1935-ல் சேர்ந்தவர், டாங்கிப் படையில் இருந்தவர். 1940 மே மாதம் பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த நாட்களில் சிறைபிடிக்கப்பட்டு, இன்று போலந்தில் இருக்கும் ஹாமர்ஸ்டைன் என்ற ஊரின் ஸ்டாலாக் இரண்டு-பி முகாமுக்கு அனுப்பப்பட்டார். நான்கு ஆண்டு எட்டு மாதம் அங்கே இருந்தார். அந்த ஆண்டு ஜெர்மனியிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர்கள் ஏறக்குறைய 18 லட்சம் பேர். இவர்களைப் பற்றி நாவலும் சினிமாவும் அதிகம் பேசியதில்லை. எதிர்ப்பியக்கத்தவர்களுக்கு வீரக்கதை இருந்தது, படுகொலை முகாம்களில் மாண்டவர்களுக்கு உலகத்தின் கண்ணீர் இருந்தது. தோற்றுப்போய்ச் சிறையில் பட்டினி கிடந்துவிட்டுத் திரும்பிய சிப்பாய்க்கு இரண்டும் இல்லை. ரெனே கசப்போடு வாழ்ந்தார். சாப்பாட்டு மேசையில் போர்ப்பேச்சு அடிக்கடி வரும், கோபமாகத்தான் வரும். அதைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு அது சலிப்பையும் தந்தது.

1980களின் தொடக்கத்தில், வளர்ந்து பெயர்பெற்ற ஓவியரான மகன், நினைவிருப்பதையெல்லாம் எழுதித் தரும்படி அப்பாவிடம் கேட்டார். அப்பா பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்கள் மூன்றை நிரப்பித் தந்தார். 1986-ல் இறந்துபோனார். நோட்டுகள் அலமாரியில் இருந்தன. 'நான், ரெனே தார்தி: ஸ்டாலாக் இரண்டு-பி போர்க்கைதி' என்ற நூலின் முதல் பாகம் வந்தது 2012-ல். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு இடைவெளி.

நோட்டுகளை விரித்து வரைய உட்கார்ந்தபோது என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம், என் அக்கா மகனுக்கு நடந்ததுதான். அப்பா ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன இடத்தில் மகனுக்கு ஆயிரம் சந்தேகம். அந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தது? இவர்கள் எத்தனை பேர்? அங்கே என்ன நாற்றம் அடித்தது? கேட்க அப்பா இல்லை. இந்த இடத்தில் தார்தி செய்ததுதான் அந்த நூலை என் மனத்தில் மற்றவற்றிலிருந்து தனியாக நிறுத்துகிறது. தன்னையே அரைக்காற்சட்டை போட்ட பையனாகக் கதைக்குள் வரைந்துவிட்டார். 1940-ல் அவர் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தப் பையன் அப்பாவின் டாங்கிக்குப் பக்கத்தில் நிற்கிறான், முகாமின் முள்வேலிக்குள் நடக்கிறான், பனியில் கூட வருகிறான். வாய் ஓயாமல் கேட்கிறான். பின்னாளில் புத்தகங்களில் படித்ததை வைத்து அப்பாவைத் திருத்துகிறான், அப்பா எரிந்து விழுகிறார். சில இடங்களில் பையனின் கேள்வி குத்தலாக இருக்கிறது. தோற்றுப்போன தலைமுறையிடம் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கே உரிய கூர்மை அது.

அப்பாவின் வரிகளை இலக்கியமாக மெருகேற்றிவிட்டுத் தன் கேள்விகளை மறைத்துக்கொள்ளத் தார்திக்கு வழி இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. கேட்காமல் விட்டதைக் கேட்பதற்காகவே ஒரு பையனைப் படைத்து, அவனைக் காலத்தில் பின்னோக்கி அனுப்பினார். பையன் கேட்டும் அப்பா பதில் சொல்லாமல் போகும் இடங்களும் இருக்கின்றன. நோட்டில் இல்லாததைத் தார்தி அப்பாவின் வாயில் போட விரும்பவில்லை என்றே அவற்றை நான் படித்தேன். ஆய்வு நேர்மை என்று நாம் சொல்வதன் மிக அழகான உருவம் எனக்கு அந்தப் பதிலில்லாத கட்டங்கள்தான்.

ஒவ்வொரு பக்கத்திலும் அகன்ற மூன்று கட்டங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பெரும்பாலும் இந்த அமைப்பு மாறுவதில்லை. முதலில் அலுப்பாக இருக்கும். இருபது பக்கம் தாண்டியதும் முகாமின் நாட்கள் அப்படித்தான் இருந்திருக்கும் என்று உடம்புக்குப் புரியத் தொடங்கும். எங்கு திரும்பினாலும் பசி. ரொட்டியை எப்படிப் பங்கிட்டார்கள், சூப்பில் என்ன மிதந்தது என்பதற்கு ஒதுக்கியிருக்கும் இடத்தைப் போரின் பெரிய திருப்பங்களுக்கு அவர் தரவில்லை. வேலையும் குடும்ப வேலையாகவே நடந்தது. மகள் ராஷேல் வண்ணம் தீட்டினார், மகன் ஒஸ்கார் ஆவணம் தேடினார். மனைவி டொமினிக் கிராஞ்ச் முன்னுரை எழுதினார். அவருடைய தந்தையும் போர்க்கைதியாக இருந்தவர்தான். தாத்தா எழுதிய நோட்டைப் பேரப்பிள்ளைகள் கையில் எடுத்ததால், கேள்வி இன்னொரு தலைமுறைக்கும் போயிற்று. 

2014-ல் வந்த இரண்டாம் பாகம் 1945 ஜனவரி இறுதியில் தொடங்குகிறது. ரஷ்யப் படை நெருங்கிவர, ஜெர்மானியக் காவலர்கள் முகாமைக் காலிசெய்து கைதிகளைக் கடுங்குளிரில் மேற்கு நோக்கி நடத்திக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கான நடை. அப்பாவின் கால்கள் வெடிக்கின்றன. பையன் கூடவே நடக்கிறான். அவனுக்குக் குளிரவில்லை, பசிக்கவில்லை, அவனை யாரும் சுடவும் முடியாது. அது அவனுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

மூன்றாம் பாகம் 2018-ல் வந்தது. போர் முடிந்துவிடுகிறது, அப்பா வீடு திரும்பிவிட்டார். 1946 ஆகஸ்டில் வாலான்ஸ் நகரில் ஒரு குழந்தை பிறக்கிறது. இரண்டு பாகம் முழுக்க அப்பாவின் பக்கத்தில் நடந்துவந்த அந்தப் பையன்தான் அது. அப்பா மீண்டும் சீருடை அணிந்து, தன்னைச் சிறைவைத்த அதே ஜெர்மனிக்கு ஆக்கிரமிப்புப் படையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே இடிந்த சுவர்களுக்கு நடுவே விளையாடும் சிறுவன், முதல் முறையாக, தன் கண்ணால் பார்த்ததை வரைகிறான்.